94-க்குச் சந்தா கட்டுவது யார்?

ரொறன்ரோவிலிருந்து பண்டத்தரிப்புக்கு வரும் ஓர் அழைப்பில் ஜெனீவாவுக்கும் பங்குண்டு, கொழும்புக்கும் பங்குண்டு. கிராமங்களுக்கென்று ஒதுக்கிய சில்லறையும் ஒரு காலத்தில் அதற்குள் இருந்தது. அந்தச் சில்லறை எங்கே?

யாழ்ப்பாணத்தில் 'கொமினிகேஷன்' என்றால் தொடர்பாடல் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அது ஒரு கடை. பண்டத்தரிப்புச் சந்தியிலும் சரி, சித்தங்கேணியிலும் சரி, இன்று அப்படிப்பட்ட கடையில் ரீலோட் போடலாம், போட்டோக்கொப்பி எடுக்கலாம், அடையாள அட்டையை லமினேற் பண்ணலாம். ஆனால் பெயர் வந்தது வேறு தொழிலால். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகைக் கூடு. உள்ளே ஒரு ரிசீவர். வெளியே மேசையில் சிவப்பு எழுத்தில் ஓடும் மீற்றர். "சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எடுப்பன்" என்று பாரிசிலிருந்து மகன் சொல்லியிருப்பான். தாய் இரண்டரைக்கே வந்து வாங்கில் குந்தியிருப்பாள். மணி அடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். முதலாளி மீற்றரைத் தட்டிவிடுவார். வருகிற கோலுக்கும் நிமிடக் காசு உண்டு. கதைத்து முடித்து வெளியே வந்தவள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு எண்ணைத்தான்.

மகன் அங்கே அழுத்திய எண் 94-இல் தொடங்கும். அடுத்து 21, யாழ்ப்பாணம். 21 கொழும்பு தந்த எண். 94 கொழும்பு தந்ததில்லை. நாடுகளுக்கெல்லாம் 1960களில் எண் பிரித்துக் கொடுத்தது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். வானொலி அலைவரிசைகளுக்கும் செய்மதிகளின் இருப்பிடங்களுக்கும் பதிவேடு வைத்திருப்பதும் அதுவே. சம்பளம், கட்டடம், கணினி என்று அதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி பண்டத்தரிப்புக்கு எட்டாத விஷயம்போலத் தெரியும். ஆனால் வாங்கில் குந்தியிருந்த தாய்க்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. மீற்றரில் அது மட்டும் தனியாகத் தெரியவில்லை.

திருவிழா உபயம்

1865 மே 17-இல் பாரிசில் 20 நாடுகள் கூடித் தந்திக்கு ஒரு பொது ஒழுங்கு செய்தன. அதுதான் ஒன்றியத்தின் பிறப்பு. ஐக்கிய நாடுகள் சபையைவிட 80 வயது மூத்தது. பிரித்தானிய இந்தியா 1869-இல் சேர்ந்தது, இலங்கை 1897-இல். சுதந்திரம் கிடைக்க அரை நூற்றாண்டு முன்பே நமக்கு அங்கே ஒரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்தது வெள்ளைக்கார நிர்வாகம் என்பது வேறு கதை. தந்தி தொலைபேசியாகி, வானொலி வந்து, 1932-இல் மட்ரிட் மாநாட்டில் இன்றைய பெயர் வந்தது. 1947-இல் அது ஐ.நா.வின் சிறப்பு நிறுவனமானது.

பணம் சேர்க்கும் முறைதான் இதில் விசேஷம். ஐ.நா. சபையில் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணக்கிட்டு 'நீ இவ்வளவு கட்டு' என்பார்கள். இந்த ஒன்றியத்தில் எவ்வளவு கட்டுவது என்பதை நாடே தெரிவு செய்யும். நமது கோயில் திருவிழாக்களில் உபயம் எடுப்பதுபோல. வசதியுள்ள குடும்பம் தேர்த் திருவிழாவை எடுக்கும். இல்லாத குடும்பம் நாலு பேருடன் சேர்ந்து ஒரு சின்னத் திருவிழாவை எடுக்கும். சுவாமி எல்லோர் வீட்டு வாசலுக்கும் வருவார். ஒன்றியத்திலும் அப்படித்தான், எவ்வளவு கட்டினாலும் நாட்டுக்கு ஒரு வாக்கு. இரண்டு வருடக் கட்டணத்துக்குச் சமமாக நிலுவை வைத்தால் மட்டும் அந்த வாக்கு போய்விடும்.

ஓர் 'அலகு' ஆண்டுக்கு 318,000 சுவிஸ் பிராங்க். அமெரிக்காவும் ஜப்பானும் 30 அலகுகள் வீதம் எடுத்திருக்கின்றன. தலைக்கு 9,540,000 பிராங்க். மிக வறிய நாடுகளுக்கு பதினாறில் ஒரு அலகுவரை இறங்க இடமுண்டு, அது 19,875 பிராங்க். 194 அரசுகள் இப்படிக் கட்டுவதுதான் நிறுவனத்தின் முதுகெலும்பு.

அந்த 318,000 என்ற தொகை 2006-இலிருந்து அசையவில்லை. 2018-இல் டுபாயிலும் 2022-இல் புக்காரெஸ்டிலும் கூடிய பிரதிநிதிகள் மாநாடுகள் அதையே திரும்ப உறுதி செய்தன. பெரிய நாடுகள் கூட்ட விரும்பவில்லை, சிறிய நாடுகளால் கூட்ட முடியாது. ஜெனீவாவில் வாடகையும் சம்பளமும் அப்படியே நின்றுவிடவில்லை. ஆகவே உறைந்த தொகை என்பது ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் தொகை.

கொழும்பிலிருந்து பார்த்தால் கணக்குத் தலைகீழ். 2006-இல் ஒரு சுவிஸ் பிராங்க் நூறு ரூபாவுக்கும் குறைவு. 2022-இல் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்து, ரூபா சரிந்த பிறகு, அதே பிராங்க் நாலு மடங்கு பாரமாகிவிட்டது. அங்கே சந்தா கூடவில்லை, இங்கே கூடிவிட்டது.

மெயிற்லண்ட் சொன்ன யோசனை

ஒன்றியத்துக்கு மூன்று கிளைகள். ஒன்று வானொலி அலைகளைப் பார்க்கிறது, மற்றது தொழில்நுட்ப நியமங்களைப் பார்க்கிறது. மூன்றாவது அபிவிருத்திக் கிளை, தொலைபேசி போகாத இடத்துக்குத் தொலைபேசி போக வழி பார்ப்பது. வயதில் இளையது இதுதான். கையில் காசு தங்காததும் இதுதான்.

இதன் கதை 1982 நைரோபி மாநாட்டில் தொடங்குகிறது. பிரித்தானிய இராஜதந்திரி சேர் டொனல்ட் மெயிற்லண்ட் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 'விடுபட்ட கண்ணி' என்ற பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. அன்று உலகில் இருந்த 60 கோடி தொலைபேசிகளில் முக்கால்வாசி ஒன்பது நாடுகளில் இருந்தன. டோக்கியோ நகரில் இருந்த அளவு தொலைபேசிகள் முழு ஆபிரிக்காவிலும் இல்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா மனிதருக்கும் எட்டும் தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும் என்று ஆணைக்குழு இலக்கு வைத்தது.

அதற்கு அவர்கள் சொன்ன ஒரு யோசனை நமக்கு நெருக்கமானது. பணக்கார நாட்டுக்கும் வறிய நாட்டுக்கும் இடையே நடக்கும் அழைப்புகளின் வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வறிய நாட்டின் தொலைபேசி வளர்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பிள்ளை வெளிநாட்டிலிருந்து எடுக்கும் கோலில் ஒரு சதம், ஊருக்குக் கம்பி இழுக்க.

நாடுகள் அறிக்கையைப் பாராட்டின, யோசனையைத் தள்ளி வைத்தன. 1985-இல் ஓர் அபிவிருத்தி மையம் மட்டும் தொடங்கினார்கள். அதன் வரவு முழுக்க விரும்பியவர் போடும் நன்கொடை. உண்டியலில் பெரிதாக எதுவும் விழவில்லை. 1989-இல் நீஸ் மாநாட்டில் அபிவிருத்திப் பணியகம் ஒன்றை நிரந்தரமாக அமைக்கத் தீர்மானித்தார்கள். 1992-இல் அது மூன்று கிளைகளில் ஒன்றானது. 1994-இல் புவனோஸ் அயர்சில் முதலாவது உலக அபிவிருத்தி மாநாடு. அந்த வரிசையில் 2010-இல் ஐதராபாத், கடைசியாக 2025 நவம்பரில் பாக்கு.

ஜெனீவாவில் 1971 முதல் நடந்த 'டெலிகொம்' கண்காட்சியில் நிறுவனங்கள் கூடாரம் போட்டுக் கடை விரிக்கும். அதில் மிஞ்சிய காசுதான் நெடுங்காலம் அபிவிருத்தித் திட்டங்களுக்கு உதவியது. கைத்தொலைபேசிக்காரர்கள் வேறு நகரங்களில் தங்களுக்கென்று பெரிய சந்தை வைக்கத் தொடங்கிய பிறகு, ஜெனீவாத் திருவிழாவில் கூட்டம் குறைந்தது. உபரியும் குறைந்தது. இன்று பணியகத்தின் திட்டங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஓர் அரசோ அறக்கட்டளையோ 'இந்த வேலைக்கு மட்டும்' என்று தரும் காசில் நடக்கின்றன. உபயகாரர் தன் திருவிழாவுக்கு எந்த மேளம் பிடிப்பது என்று தானே முடிவு செய்வார். கோயில் கிணற்றைத் தூர்வார மட்டும் யாரும் உபயம் எடுப்பதில்லை.

வருகிற கோலில் வந்த காசு

மெயிற்லண்டின் யோசனை ஏற்கப்படாவிட்டாலும், பழைய கணக்கு முறையில் வேறு விதமாக அதுவே நடந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு அழைப்புப் போனால், அனுப்பிய நிறுவனம் பெற்ற நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். வெளியே போகும் அழைப்பைவிட உள்ளே வரும் அழைப்பு அதிகமாக இருந்த நாடுகளுக்கு இது அந்நியச் செலாவணி. புலம்பெயர்ந்தோர் அதிகமுள்ள நாடென்றால் கேட்கவே தேவையில்லை. உள்ளூர் இணைப்பில் வந்த நட்டத்தை மூன்றாம் உலக நாடுகள் பலவும் இந்தக் காசில்தான் சரிக்கட்டின.

அந்தக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் குடாநாடு அந்தக் கணக்கில் இல்லை. 1990-க்குப் பிறகு யுத்தத்தால் இங்கே மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய் லொட்ஜில் காத்திருக்க வேண்டும். இலங்கை உலக அரங்கில் உறுப்பினர், 94 உயிரோடு இருந்த எண், ஆனால் 21-இல் மணி அடிக்கவில்லை. அதே நாட்டில்தான் 1989-இல் தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவையைச் செல்டெல் தொடங்கியிருந்தது.

1997-இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு கட்டளை போட்டது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தங்கள் நிறுவனங்கள் நிமிடத்துக்கு 15 முதல் 23 அமெரிக்கச் சதம் வரைதான் கொடுக்கலாம், நாட்டின் வருமானத்தைப் பொறுத்து. பழைய முறையின் கழுத்தில் அன்றே கயிறு விழுந்தது. வறிய நாடுகள் ஒன்றியத்தின் கூட்டங்களில் முறைப்பட்டன. விலையைப் பேசித் தீர்க்கும் பீடமாக இருந்த ஒன்றியம் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தை முந்திவிட்டது.

2002-இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஸ்ரீலங்கா டெலிகொமின் சர்வதேச அழைப்பு ஏகபோகமும் முடிந்தது. 2003-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு உரிமம் கொடுத்தபோது, வருகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் 'தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம்' என்று ஒன்று வைத்தார்கள். ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதை வாங்கும். கிராமப்புறத்தில் வலையமைப்பு அமைக்கும் நிறுவனம் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இருபது வருடத்துக்கு முன் மெயிற்லண்ட் சொன்ன அதே சில்லறை, இப்போது கொழும்பின் சட்டமாக.

இதை யார் கட்டினார்கள்? லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெட்டிக்கடையில் கோலிங் கார்ட் வாங்கி, வெள்ளித் தகட்டைச் சுரண்டி, பன்னிரண்டு இலக்கப் பின் நம்பரை அழுத்தியவர்கள். கார்ட்டில் 200 நிமிடம் என்று போட்டிருக்கும், 120-இல் முடிந்துவிடும். அந்த நிமிடங்களுக்குள் ஒரு துளி கிராமத்துக்கென்று கழிந்தது. பண்டத்தரிப்பு, மாதகல், இளவாலை, சில்லாலைப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைக்கணக்குப் பார்த்தால் அந்தக் கட்டணத்துக்கு இந்த ஊர்கள் தந்த நிமிடம் குறைவாக இருந்திருக்காது.

2006 ஓகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடியது. கைத்தொலைபேசிகள் ஊமையாகின. கூட்டுக்குள் மணி அடித்தால் வரிசை வீதிவரை நீண்டது.

மூன்று திருட்டுகளும் ஒரு மௌனமும்

யுத்தம் முடிந்த பிறகு டவர்கள் முளைத்தன. முதலில் 'கவரேஜ் இருக்கா' என்று வளவுக்குள் நடந்து பார்த்தோம், பிறகு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. ஸ்கைப் வந்தது, வைபர் வந்தது, வட்ஸ்அப் வந்தது. இன்று பாரிஸ் மகன் சனிக்கிழமைவரை காத்திருப்பதில்லை. சமைத்துக்கொண்டே வீடியோவில் கதைக்கிறான். தாய்க்கு இது கொடை. அபிவிருத்திக் கட்டண நிதிக்கு இது வறட்சி. நிமிடம் இல்லாவிட்டால் நிமிடக் கட்டணமும் இல்லை.

இதைக் குறைசொல்ல முடியாது. பிள்ளையின் குரலுக்கு நிமிடக் காசு வாங்கியதே ஒரு வகைத் திருட்டு என்று சொல்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. கோலிங் கார்ட்காரன் நிமிடத்தை விழுங்கியது இரண்டாவது திருட்டு. மூன்றாவது, கிராமத்துக்கென்று வாங்கிய காசு கிராமத்துக்குப் போகாமல் தங்கியது. அபிவிருத்திக் கட்டண நிதி அரச கணக்குகளில் தேங்கியதாகத் துறை ஆய்வாளர்கள் நெடுநாளாக விமர்சித்து வந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இதே நோய். நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதத்தை வாங்கிச் சேர்த்த பொதுச் சேவை நிதி, இன்று 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற புதுப் பெயரில் இயங்குகிறது. சேர்ந்தது அதிகம், செலவானது குறைவு என்ற முறைப்பாடு அங்கேயும் ஓயவில்லை.

மௌனம் என்று நான் சொல்வது, காசு வரும் வழி மாறிவிட்டதைப் பற்றி யாரும் வாய் திறக்காததை. முன்பு காசு, அழைப்பு வந்த கம்பி வழியாக வந்தது. இப்போது குரல் வருவது ஒரு கலிபோர்னியா நிறுவனத்தின் செயலி வழியாக. 2025 ஜூலையிலிருந்து வானத்திலிருந்தே இணையம் தரும் ஸ்டார்லிங்க்கும் இலங்கையில் வந்துவிட்டது. ஊருக்குக் கம்பி இழுக்க இவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வழக்கு ஜெனீவாவிலும் முடியவில்லை, கொழும்பில் தொடங்கவேயில்லை.

உறுப்பினர் ஏடு சொல்லும் கதை

அரசுகளைப் பொறுத்தவரை ஏடு நிரம்பிவிட்டது. 2024-இல் பசிபிக் தீவு நாடான பலாவும் சேர்ந்து எண்ணிக்கை 194 ஆனது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் இனிச் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை. வளர வேண்டுமென்றால் நிறுவனங்கள்தான் சேர வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எப்படி என்று நம் சட்டைப்பைக்குள்ளேயே பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முன் இலங்கையில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள். 1989-இல் செல்டெலாகப் பிறந்தது டிகோவாகி, எடிசலாட்டாகி, 2018-இல் ஹட்ச்சுக்குள் மறைந்தது. 2009-இல் வந்த எயார்டெல் 2024-இல் டயலொக்குடன் கலந்தது. ஐந்து மூன்றாகிவிட்டது. உலகம் முழுக்க இதே கதைதான். இரண்டு நிறுவனம் ஒன்றானால் இரண்டு சந்தாவும் ஒன்றாகிவிடும். புதிதாக வந்த இணைய நிறுவனங்களுக்கோ பழைய தந்திச் சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டிய தேவை இல்லை.

ஒன்றியம் கதவை அகலத் திறந்து பார்த்தது. நிறுவனங்களுக்கான முழு அலகு 63,600 பிராங்க். அபிவிருத்திக் கிளையில் மட்டும் வளர்ந்துவரும் நாட்டு நிறுவனம் அதில் பதினாறில் ஒன்றான 3,975 பிராங்க்குடன் சேரலாம். 2010 குவாடலஜாரா மாநாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடம் கொடுத்தார்கள். வளர்ந்துவரும் நாடென்றால் ஆண்டுக்கு 1,987.50 பிராங்க். பிறகு சிறு தொழில் முனைவோருக்கும் குறைந்த கட்டணத்தில் ஒரு வாசல். தலை எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் பத்துப் பல்கலைக்கழகம் சேர்ந்தாலும் விலகிப்போன ஒரு பெரிய கம்பனியின் காசுக்கு ஈடாகாது. பந்தியில் இலை கூடிவிட்டது, அடுப்பில் அண்டா அதேதான்.

பசி எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. ஒன்றியத்தின் 2025 மதிப்பீட்டின்படி 600 கோடிப் பேர் இணையத்தில், 220 கோடிப் பேர் வெளியே. 2030-க்குள் எல்லோரையும் இணைக்கச் சுமார் 428 பில்லியன் டொலர் வேண்டும் என்று 2020-இல் சொன்னார்கள். ஒன்றியத்தின் முழு வருடச் செலவே 200 மில்லியன் பிராங்கைத் தொடாது. ஆகவே பணம் போடும் வேலையை விட்டு, பணம் போடுபவர்களைக் கூட்டிவைக்கும் தரகு வேலைக்கு அது மாறிவிட்டது. 2026-க்குள் 100 பில்லியன் டொலர் என்று இலக்கு வைத்து நிறுவனங்களிடமும் அரசுகளிடமும் வாக்குறுதி திரட்டுகிறது. வாக்குறுதி ஏட்டில் ஏறும் வேகத்தில் கம்பி நிலத்தில் ஏறுவதில்லை. ஒரு கம்பனி எப்படியும் செய்ய இருந்த முதலீட்டையும் அந்த ஏட்டில் எழுதிவிடலாம்.

போஸ்ரனில் காசு வற்றியபோது

தூரத்துச் சங்கம் ஒன்றின் சந்தாவை நம்பியிருப்பது பண்டத்தரிப்புக்குப் புதிதில்லை. 1820-இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் இங்கேதான் வந்து தங்கினார். மருத்துவமும் பள்ளிக்கூடமும் போஸ்ரனில் இருந்த மிஷன் சபைக்கு அமெரிக்கக் குடும்பங்கள் போட்ட நன்கொடையில் நடந்தன. கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு. 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. நன்கொடை வற்றியது. இங்கே குடாநாட்டின் கிராமங்களில் மிஷன் நடத்திய இலவசப் பள்ளிக்கூடங்கள் பல மூடின. பாடம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு நியூயோர்க் வங்கி ஏன் விழுந்தது என்று தெரிந்திருக்காது. ஆனால் அதன் பாரம் அந்தப் பிள்ளையின் பாயில் வந்து விழுந்தது.

இன்று கிராமங்களுக்கு டவர் போடும் அரச திட்டங்கள் பேசப்படுகின்றன. வெளிக்காசில் முன்பும் ஒன்று நடந்தது. உலக வங்கியின் 53 மில்லியன் டொலர் கடனுடன் 2004-இல் தொடங்கிய 'இ-ஸ்ரீலங்கா' தந்த 'நெனசல' என்ற பொதுக் கணினி நிலையங்கள் 2014-இல் கேற்ஸ் அறக்கட்டளையின் பரிசைப் பெற்றன. பிறகு கையில் ஸ்மார்ட்போன் வந்ததும் பல நிலையங்களின் நாற்காலிகள் காலியாகின. வெளிக்காசில் தொடங்கியதை உள்ளூர்க் காசில் தாங்குவது எப்படி என்ற கேள்வியை 1837-இலும் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

என்ன கேட்கலாம்?

ஒன்றியத்தின் அடுத்த பிரதிநிதிகள் மாநாடு 2026 நவம்பரில் கட்டாரின் தோகாவில் என்று தீர்மானமாகியிருக்கிறது. அலகின் தொகையை அங்கே மீண்டும் எடுப்பார்கள். கொழும்பிலிருந்து ஒரு குழு போகும். அது என்ன சொல்லப் போகிறது என்று நாடாளுமன்றத்தில் ஒரு மணிநேரம் பேசினால் போதும். செயலி நிறுவனங்களும் செய்மதி நிறுவனங்களும் கிராம இணைப்புக்குப் பங்கு தர வேண்டுமா என்பதில் இலங்கையின் நிலைப்பாடு எழுத்தில் வேண்டும்.

பல்கலைக்கழகக் கதவு திறந்துதான் இருக்கிறது. 1,987.50 பிராங்க் இன்றைய மாற்றில் ஏழெட்டு இலட்சம் ரூபா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றுக்கு அது பெரிய தொகையாகப் படலாம். புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அனுப்பும் தொகையோடு வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. வடக்கிலிருந்து ஒரு குரல் அந்த மேசையில் உட்காருவதற்கு மலிவான ரிக்கெற் அதுதான்.

எல்லாவற்றுக்கும் முதலில், 2003-இலிருந்து வெளிநாட்டு அழைப்புகளில் வாங்கிய அபிவிருத்திக் கட்டணம் எவ்வளவு, எந்த மாவட்டத்தில் எதற்குச் செலவானது என்ற கணக்கைப் பிரதேச செயலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். தகவல் அறியும் சட்டம் 2016-இலிருந்து கையில் இருக்கிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

சந்திக் கொமினிகேஷனில் அந்தப் பலகைக் கூடு இன்று பொருட்கள் அடுக்கும் அலுமாரியாகிவிட்டது. மீற்றர் தூசு படிந்து மூலையில் கிடக்கும். நேர்மையான சாமான் அது. முதலாளிக்கும் தாய்க்கும் ஒரே எண்ணைக் காட்டியது, இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சண்டை வந்தால் அதைத் திருப்பிக் காட்டினால் போதும். அந்த நிமிடங்களுக்குள் கிராமத்துக்கென்று எடுத்த சில்லறைக்கும் அப்படியொரு மீற்றர், இரண்டு பக்கமும் தெரியும்படி, இன்னும் யாரும் பூட்டவில்லை.